திருகோணமலைக் கரையில் ஓர் ஆசிரியத் துறவி: சுவாமி விபுலானந்தர்

திருகோணமலையிற் படித்த எவருக்கும் சுவாமி விபுலானந்தரின் பெயர் புதியதன்று. தமிழ்ப் பாடநூலில் இருந்த அவருடைய பாட்டை மனனம் செய்திருக்கிறோம். அவருடைய நினைவு தினப் பேச்சுப் போட்டிகளில், வீட்டில் எழுதித் தந்ததை மேடையேறி ஒப்புவித்திருக்கிறோம். யாழ் நூல் எழுதியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர், முத்தமிழ் வித்தகர் என்று மூன்று தொடர்களில் அவரை முடித்துவிட்டு இறங்கிவிடுவது எமது வழக்கம். பள்ளிப் பருவம் முடிந்து பல்லாண்டுகள் கழிந்து, உலகின் வெவ்வேறு மூலைகளில் வாழும் நாம், அந்த மூன்று தொடர்களுக்குப் பின்னால் இருந்த மனிதரை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நன்று என எண்ணி இதனை எழுதுகிறோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்மில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் வேட்ஸ்வேர்த், ஷெல்லி, கீற்ஸ் முதலிய மனோரதியக் கவிகளையும், அவர்களுக்குப் பின் அமெரிக்காவில் எழுதிய எமர்சன், தோரோ ஆகியோரையும் படித்திருப்பார்கள். தமிழ் இலக்கியம் பயின்றவர்கள் சங்கப் பாடல்களையும் தேவாரத்தையும் படித்திருப்பார்கள். இவை இரண்டையும் நாம் வேறு வேறு பெட்டகங்களில் பூட்டி வைத்திருக்கிறோம். அவற்றை ஒன்றாகத் திறந்துவைத்துப் பார்த்த ஒருவர் எமது துறைமுக நகரிலே கல்விப் பணி செய்தார் என்பதை எம்மில் பலர் அறியமாட்டோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காரைதீவில் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவு ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக அமைந்த ஊர். அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில் கிழக்கு மாகாணத்தில் பேர்பெற்றது. வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படும் மண் அது. சிலப்பதிகாரத்தை ஏட்டிலே படிப்பதற்கு முன்னர் கண்ணகியின் கதையைக் காதாற் கேட்டு வளரும் வாய்ப்பு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தில் மறைந்து கிடந்த இசையைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர் அங்கே பிறந்தது பொருத்தமே.

கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியிலும் கல்வி கற்றார். பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். 1911ஆம் ஆண்டில் கொழும்பு ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். பயிற்சி முடித்து மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்துவிட்டு, மீண்டும் கொழும்புக்கு வந்து தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று டிப்ளோமா பெற்றார். அதே காலத்தில், 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இந்த இரட்டைக் கல்வியை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவர் ஒரு வகுப்பு, தமிழ் கற்றவர் இன்னொரு வகுப்பு. ஆங்கிலம் கற்றவருக்கு அரசாங்க உத்தியோகமும் சமூக மதிப்பும் கிடைத்தன. பண்டிதருக்கு ஊர்க் கோயிலில் மரியாதை கிடைத்தது. ஒரே ஆள் இரு பக்கமும் முழுமையாகத் தேறுவது அரிது. மயில்வாகனனார் ஒன்றைக் கற்பதற்காக மற்றதைக் கைவிடவில்லை. ஆங்கிலக் கவிதையை அவர் தமிழ்ப் புலவராக நின்று படித்தார். தமிழ்க் கவிதையை விஞ்ஞான மாணவராக நின்று ஆராய்ந்தார்.

அவர் படித்த ஆங்கிலக் கவிகள் சொன்ன புதுமை என்ன? 1798இல் வேட்ஸ்வேர்த்தும் கோல்றிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதியோடு இங்கிலாந்தில் மனோரதியக் கவிதையின் காலம் தொடங்குவதாகக் கொள்வர். அரசவையையும் நகரத்தையும் விட்டு அவர்கள் ஏரிக்கரைக்கும் மலைச்சாரலுக்கும் போனார்கள். உழவனுடைய பேச்சிலும் சிறுபிள்ளையின் பார்வையிலும் கவிதை இருக்கிறது என்றார்கள். மலையும் காற்றும் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல, மனிதனுடைய உள்ளத்தோடு பேசுபவை என்றார்கள். ஷெல்லி 29 வயதில் கடலில் மூழ்கி இறந்தார். கீற்ஸ் 25 வயதில் நோயால் இறந்தார். குறுகிய வாழ்நாளில் அவர்கள் விட்டுச் சென்ற பாடல்கள் நூறாண்டுகளுக்குப் பின் எமது தீவின் பாடசாலைகளிலும் படிக்கப்பட்டன.

தமிழ் படித்தவருக்கு இதில் ஒரு பழக்கப்பட்ட குரல் கேட்கும். குறிஞ்சி என்றால் புணர்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று நிலத்தையும் உள்ளத்து உணர்வையும் சேர்த்து வைத்தவர்கள் எமது முன்னோர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருக்கோணமலையைப் பாடியபோது, இறைவனைக் கடலின் ஓசையிலிருந்து பிரிக்காமலே பாடினார். வேறுபாடும் உண்டு. ஆங்கில மனோரதியக் கவி தன் சொந்த அனுபவத்தைத் தன் பெயரிலேயே சொல்வான். சங்க அகப்பாடலில் பேசுபவர் தலைவி, தோழி, செவிலி. அவர்களுக்குப் பெயரே இல்லை. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருங்கே உணரக்கூடிய கல்வி அடிகளாருக்கு இருந்தது.

இனி அமெரிக்காவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொஸ்ரன் நகரில் கிறிஸ்தவ போதகராக இருந்த எமர்சன், 1832இல் அப்பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்று வேட்ஸ்வேர்த்தையும் கோல்றிட்ஜையும் சந்தித்தார். நாடு திரும்பி, கொன்கோர்ட் என்னும் சிற்றூரில் குடியேறி, 1836இல் இயற்கை பற்றிய தமது சிறுநூலை வெளியிட்டார். உண்மையை அறிய இடைத்தரகர் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தினூடாகவும் இயற்கையினூடாகவும் அதை நேரே உணரலாம். எல்லா உயிர்களையும் ஊடுருவி ஓர் ஆன்மா நிற்கிறது என்பன அவருடைய கொள்கையின் சாரம். புலனறிவைக் கடந்த உண்மையைப் பேசியதால் அவரையும் அவருடைய நண்பர்களையும் கடந்தநிலைவாதிகள் என்று அழைத்தனர்.

இக்கருத்து எமக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. 1785இல் சார்ள்ஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். எமர்சனும் அவருடைய இளைய நண்பரான தோரோவும் அதை விரும்பிப் படித்தனர். தோரோ 1845 ஜூலை மாதத்தில் வோல்டன் குளக்கரையில் தம் கையால் ஒரு சிறு வீட்டைக் கட்டி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக அங்கே தனித்து வாழ்ந்தபோது கீதையையும் கொண்டு சென்றார். குளிர்காலத்தில் அக்குளத்தின் உறைநீரை வியாபாரிகள் வெட்டி எடுப்பதைப் பார்த்தார். பொஸ்ரன் துறையிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி கப்பலேறிய காலம் அது. கீதை தமக்கு வந்து சேர்ந்ததற்குப் பதிலாகத் தமது குளத்து நீர் கங்கைக்குப் போகிறது என்று அவர் எண்ணி மகிழ்ந்தார். துறைமுகத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு அந்த மகிழ்ச்சி நன்றாக விளங்கும். கப்பலில் சரக்கு மட்டும் போய் வருவதில்லை.

அந்த ஊரின் தொடர்பு பின்னொரு காலத்தில் திரும்பி வந்தது. 1893இல் சுவாமி விவேகானந்தர் சிக்காகோ மகாநாட்டுக்குச் செல்லும் முன்னர், பொஸ்ரன் பகுதியில் சில வாரங்கள் தங்கினார். அங்கே அவரை வரவேற்று மேடையேற்றியவர்களுள் ஒருவர் பிராங்ளின் சான்போர்ண். எமர்சனின் அழைப்பில் கொன்கோர்ட்டில் பாடசாலை நடத்தியவர், தோரோவின் நண்பர், தோரோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். மேற்கு நாடுகளில் நாலாண்டு உழைத்துவிட்டு விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்திலும் பேசினார். அதே ஆண்டு மே மாதத்தில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அப்போது காரைதீவில் மயில்வாகனத்துக்கு ஐந்து வயது.

விபுலானந்தர் எமர்சனுடைய சீடர் என்று கூற நாம் வரவில்லை. கொன்கோர்ட்டில் இருந்தவர்கள் கீதையின் வழியாகவும் ஆங்கிலக் கவிகளின் வழியாகவும் ஓரிடத்துக்கு வந்தார்கள். காரைதீவில் பிறந்தவரும் அதே இரு வழிகளில் நடந்தார். ஆனால் அவருக்குக் கீதை வீட்டில் இருந்தது. ஆங்கிலக் கவிதையே கடல் கடந்து வந்தது.

மானிப்பாயில் அதிபராக இருந்தபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. பட்டமும் பதவியும் இருந்தன. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பு முன்னரே ஏற்பட்டிருந்தது. 1922இல் எல்லாவற்றையும் விட்டு அம்மடத்திற் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பிரமசரியப் பெயருடன் அங்கே பயின்று, தமிழில் இராமகிருஷ்ண விஜயம், ஆங்கிலத்தில் வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் பணியில் ஈடுபட்டார். 1924இல் சித்திரைப் பூரணை நாளில், இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவியானவர் காட்டுக்குப் போகவில்லை. பாடசாலைக்குத் திரும்பி வந்தார். 1925இல் அவர் இலங்கைக்கு வந்து மிஷனின் கல்விப் பணியைப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் திருகோணமலை இந்துக் கல்லூரி மிஷனின் நிருவாகத்துக்கு வந்தது. 1897இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு அடிகளார் முகாமையாளராகவும், சில காலம் அதிபராகவும் இருந்தார்.

அக்காலத்துத் திருகோணமலையை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். உட்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளம். சீனன்குடாப் பக்கத்தில் எண்ணெய்த் தாங்கிகள் எழும்பிய காலம். கோட்டைக்குள்ளே படைவீரர், கோட்டைக்கு அப்பால் சுவாமிமலையின் விளிம்பில், பறங்கியர் இடித்த கோயிலின் இடத்தில், மக்கள் மலர் தூவி வழிபட்ட பாறை. கடலோரத்தில் வள்ளங்களும் வலைகளும். இப்படிப்பட்ட நகரத்தில் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலம் படிக்க அனுப்பியது உத்தியோகத்துக்காக. அதைக் குறை சொல்ல எமக்கு உரிமையில்லை. எமது பெற்றோரும் அப்படித்தான் அனுப்பினர். அடிகளாரும் ஆங்கிலத்தைத் தடுக்கவில்லை. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கும் பிள்ளை தன் மொழியையும் சமயத்தையும் இழக்கவேண்டியதில்லை என்பதைத் தாமே அதற்குச் சாட்சியாக நின்று காட்டினார்.

மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் 1929இல் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அங்கே இல்லமும் அமைந்தது. தாம் பிறந்த காரைதீவில் பெண்பிள்ளைகளுக்காகச் சாரதா வித்தியாலயத்தை ஏற்படுத்தினார். தோரோ வோல்டன் கரையில் இருந்தது தம்மைத் தாமே அறிவதற்காக. அந்த இரண்டு ஆண்டுகளின் பயன் ஒரு சிறந்த நூலாக 1854இல் வெளிவந்தது. எமது அடிகளாரும் நீர்க்கரையில் வீடு கட்டினார். ஆனால் அந்த வீட்டில் பல பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் உடுப்பும் பாடப்புத்தகமும் தேட வேண்டியிருந்தது. இயற்கையை நேசித்தவர்கள் எல்லோருக்கும் தனிமை வாய்ப்பதில்லை.

1931இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். அங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் எமது விடயத்தோடு நெருங்கியவை.

ஒன்று, பாரதியாரைப் பல்கலைக்கழகத்தினுள் கொண்டுவந்தது. பாரதியார் இறந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பண்டிதர் பலர் அவரைப் புலவராகவே ஏற்கவில்லை. அடிகளார் பாரதியின் பாடல்களை மாணவர் ஓதச் செய்தார். பாரதியின் பெயரால் ஒரு கழகமும் அமைத்தார். இளமையில் ஷெல்லிதாசன் என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டவர் பாரதி. அமெரிக்கக் கவி வால்ற் விற்மனைப் பற்றித் தமிழில் எழுதியவரும் அவரே. அந்த விற்மனுடைய முதல் நூல் 1855இல் வந்தபோது, முன்பின் அறியாத அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர் எமர்சன். கொன்கோர்ட்டில் தொடங்கிய சங்கிலியின் ஒரு வளையம் இப்படி எட்டயபுரத்திலும் இன்னொன்று சிதம்பரத்திலும் இருக்கிறது.

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள திருவேட்களத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தது. எல்லா உயிரிலும் ஓர் ஆன்மா நிற்கிறது என்பதை வகுப்பறையில் சொல்லிவிட்டு, மாலையில் அச்சேரியை ஒதுக்கி நடந்திருந்தால் அந்தச் சொல் வெறுஞ் சொல்லாகியிருக்கும்.

மொழிபெயர்ப்பிலும் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. ஆங்கிலவாணி என்னும் கட்டுரையில் ஆங்கிலக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்து, ஆங்கிலச் செய்யுள்களைத் தமிழ்ச் செய்யுளாகவே ஆக்கித் தந்தார். வரிக்கு வரி பொருள் சொல்லி நிறுத்தாமல், தமிழ் யாப்பில் தமிழ்ப் புலவன் பாடினால் எப்படியிருக்குமோ அப்படிப் பாடினார். மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் அளவுகோல் கொண்டு ஆராய்ந்தார். நிலவும் பொழிலும், மலையும் கடலும் போன்ற கட்டுரைத் தலைப்புகளே அவருடைய மனம் எங்கே உலாவியது என்பதைக் காட்டும். 1930களில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் குழுவிலும் முன்னின்று உழைத்தார். அக்கலைச்சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. அவருடைய நடை இன்றைய வாசகருக்குக் கடினமே. பள்ளி நாட்களில் அகராதியைத் தேடி நாம் சலித்துக்கொண்டதும் உண்டு. ஆயினும் ஷெல்லியையும் இரசாயனத்தையும் ஒருசேரத் தாங்கக்கூடிய மொழி தமிழ் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் பயனாகவே பிற்காலத்தில் நாம் விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் படித்தோம்.

1939 முதல் சில ஆண்டுகள் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியராக இருந்தார். அவ்விதழ் 1896இல் சென்னையில் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயர். தமிழ் நாவலாசிரியர் ஒருவர் தொடங்கிய பணியைத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்துப் பனிமலை அடிவாரத்தில் தொடர்ந்தார். மேலைநாட்டு வாசகருக்கு வேதாந்தத்தை அவர்களுடைய மொழியிலேயே சொல்வது அதன் வேலை. எமர்சன் ஒருகாலத்தில் தேடிப் படித்ததை, இப்போது எமது கரையைச் சேர்ந்தவர் எடுத்துக் கொடுத்தார்.

இத்தனை பணிகளுக்கிடையிலும் யாழை மறக்கவில்லை. பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து, அதன் உருவமும் இசைமுறையும் நூல்களில் சொல்லாக மட்டும் எஞ்சியிருந்தன. புகார்க் கடற்கரையில் மாதவி யாழெடுத்துக் கானல்வரி பாடும் இடத்தை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். அந்த யாழுக்கு எத்தனை நரம்பு, எந்த நரம்பு எந்தச் சுரம் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அடிகளார் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாக வைத்து, சுருதிகளின் அளவைக் கணித முறையில் கணக்கிட்டு, யாழின் வகைகளை மீட்டெடுத்தார். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அது.

அந்த ஆராய்ச்சியின் பக்கத்திலேயே ஒரு கவிஞனும் இருந்தான். மட்டக்களப்பு வாவியில் நிலவு நாட்களில் நீருக்கடியிலிருந்து எழும் இனிய ஓசையை, பாடும் மீன் என்று மக்கள் சொல்லும் அந்த அதிசயத்தை, நீரரமகளிர் பாடும் பாடலாக அவர் பாடினார். வள்ளத்தில் இருந்து துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது எமது கிழக்கு மாகாணத்தார் அறிந்த முறை. நீரில் எழுந்த ஓசை அவருக்குக் கணக்குக்கும் உரியது, கற்பனைக்கும் உரியது. மனோரதியக் கவிகளுள் சிலர் விஞ்ஞானம் வானவில்லின் அழகைக் கெடுத்துவிட்டது என்று வருந்தினர். அப்படி வருந்த அடிகளாருக்குக் காரணம் இருக்கவில்லை.

இனி, நாமெல்லோரும் மனனம் செய்த அந்தப் பாட்டுக்கு வருவோம். ஈசன் உவக்கும் மலர்கள் எவை என்பதே அதன் பொருள். மல்லிகையா, தாமரையா, கொன்றையா என்று கேள்வி எழுகிறது. அவற்றைக் காட்டிலும் இறைவன் விரும்புவது உள்ளமாகிய கமலம், கூப்பிய கையாகிய காந்தள், அவனை நோக்கும் விழியாகிய நெய்தல் என்று விடை வருகிறது. மலரை அவர் இகழவில்லை. மலரின் வடிவம் மனிதருக்குள்ளே இருப்பதைக் காட்டுகிறார். இயற்கையிற் காண்பது எதுவோ அது உள்ளத்திலும் இருக்கிறது என்று எமர்சன் பக்கம் பக்கமாக எழுதிய கருத்தை, நாலாம் வகுப்புப் பிள்ளையும் பாடக்கூடிய மூன்று பூக்களில் வைத்துவிட்டார். இன்னொன்றையும் வளர்ந்த பின்னரே நாம் கவனித்தோம். அந்தப் பாட்டு ஒரு பெண் தன் தோழிக்குச் சொல்வதாக அமைந்திருக்கிறது. சங்கத் தோழியின் குரலைத் துறவி ஒருவர் ஞானம் சொல்ல எடுத்துக்கொண்டார்.

பெண்கள் சங்கத்தின் மலரில் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தன்னை நம்பு, உன் உள்ளத்தைக் கேள் என்ற கொன்கோர்ட்டின் போதனை ஆண்களைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லப்பட்டது. அந்தக் குழுவிலே மாகிரற் புல்லர் என்ற பெண்மணி இருந்தார். 1839 முதல் பொஸ்ரன் நகரத்துப் பெண்களைக் கூட்டி வைத்துக் கலந்துரையாடல்கள் நடத்தினார். 1840இல் தொடங்கிய டயல் என்னும் அக்குழுவின் இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்தார். அந்தப் போதனை பெண்ணுக்கும் உரியதென்று 1845இல் ஒரு நூல் எழுதினார். 1850இல், கணவரோடும் பிள்ளையோடும் ஊர் திரும்பும் வழியில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் உடைந்து மூவரும் மாண்டனர். தோரோ அக்கரைக்குச் சென்று அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடினார்.

எமது கரையிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அடிகளார் திருகோணமலையில் தலைமை தாங்கிய கல்லூரி ஆண்பிள்ளைகளுடையது. அங்கே ஆங்கிலக் கவிதை படித்தவர்களின் சகோதரிகள் பலர் பருவமடைந்ததும் வீட்டுக்குள் நின்றுவிட்டனர். ஆனால் அடிகளார் தம் சொந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார் என்பதை நினைக்கும்போது, அவர் கொள்கையைப் பாதி வழியில் நிறுத்தவில்லை என்று தெரிகிறது. எமது பாட்டிமாரையும் தாய்மாரையும் படிக்க வைக்க இந்தத் துறைமுக நகரில் பாடுபட்ட ஒவ்வொருவரும் அந்த மீதி வழியை நடந்தவர்களே. நாம் ஒரு நூற்றாண்டு மலர் வெளியிடும் நிலைக்கு வந்தது அவர்களால்.

1943இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றியிருந்தது. இருந்தும் யாழ் நூலை முடித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. கணக்காலும் தமிழாலும் மீட்டெடுக்கப்பட்ட யாழ்களை அந்தச் சபையினர் கேட்டனர். ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19ஆம் நாள், கொழும்பில் அடிகளார் காலமானார். வயது 55. கல்லடியில், தாம் அமைத்த சிவானந்த வித்தியாலய வளவிலே அவரைச் சமாதி வைத்தனர். வாவியும் கடலும் அங்கிருந்து நடக்கும் தூரம்.

அவர் விட்டுச் சென்றவற்றுள் சொத்து என்று எதுவுமில்லை. பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றிற் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். எம்மில் சிலர் எமர்சன் நடந்த வீதிகளுக்குப் பக்கத்து நகரங்களில் வாழ்கிறோம். வோல்டன் குளத்தை விடுமுறை நாளிற் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அங்கு பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவிதை பாடசாலையில் கிடைத்துவிடும். தமிழ்தான் இப்போது கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. ஒன்றைக் கற்பதற்கு மற்றதை விடவேண்டும் என்று அவர்களுக்கு யாரேனும் சொன்னால், காரைதீவில் பிறந்து திருகோணமலையில் கல்வி வளர்த்த இந்த ஆசிரியரின் கதையைச் சொல்லிக் கொடுப்போம். அந்த மூன்று பூக்களின் பாட்டிலிருந்து தொடங்கலாம். எமக்கு அது இன்னும் மனப்பாடம்.